சிறு மீன்பிடிப் படகில் ட்ரோலிங் மோட்டாரை எங்கே பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி அணை நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுவதற்கென்று பன்னிரண்டு அடி நீளமுள்ள தட்டையடி ஃபைபர் படகு ஒன்றையும் அதற்கொரு மின்சார ட்ரோலிங் மோட்டாரையும் வாங்கிய அன்றே, மோட்டாரைத் தாங்கும் மரக்கட்டைக்காகப் படகின் பின்பலகையில் நான்கு துளைகள் போட்டேன். இன்று அந்த நான்கில் ஒன்றுகூடப் பயன்பாட்டில் இல்லை. நான்கையும் எபாக்சி வைத்து அடைத்துவிட்டேன்; உற்றுப் பார்த்தால் வெள்ளைப் பொட்டுகள் போலத் தெரியும். மோட்டார் இப்போது படகின் முன்பக்கத்தில் இருக்கிறது. அது முன்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாங்கிய பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்காமல், ஆளும் பாரமும் ஏறிய படகு தண்ணீரில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகவும், துளை போடுவது கடைசி வேலையே தவிர முதல் வேலை அல்ல என்பதற்காகவும் எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீர்த்தேக்கங்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அவற்றில் மீன் பிடிக்கும் உரிமை மீன்வளத் துறையின் ஏற்பாட்டிலும் இருப்பதால், படகை இறக்குவதற்கு முன் அந்தந்த அலுவலகத்திலும் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது அவசியம். மோட்டாரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இழுப்பதும் தள்ளுவதும்

ட்ரோலிங் மோட்டார் என்பது வேகத்துக்கான இயந்திரம் அல்ல. பேட்டரியில் ஓடும் சிறிய மோட்டார் ஒன்று நீளமான தண்டின் கீழ்முனையில் நீருக்குள் மூழ்கியிருக்க, அதன் விசிறி படகை நடைவேகத்தில், சத்தமில்லாமல், நினைத்த இடத்துக்கு நகர்த்துகிறது. அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் இத்தகைய மோட்டாரை உருவாக்கியது 1934-ஆம் ஆண்டில். நம் பக்கத்தில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை என்றாலும், அந்த அணையின் பின்னீரில் நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் படகில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இந்த மோட்டாரைப் படகின் முன்பக்கத்தில் வைத்தால் அது படகை இழுக்கிறது, பின்பக்கத்தில் வைத்தால் தள்ளுகிறது. கேட்பதற்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், இடம் தேர்வு செய்வதில் உள்ள எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரைக் கவனித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் துடுப்பைப் போகும் திசையில் நீட்டித் தண்ணீரைத் தன் பக்கமாக இழுக்கிறார். பரிசல் அந்தப் பக்கமாக வருகிறது. பின்பக்கம் உட்கார்ந்து தள்ளினால் பரிசல் நகர்வதைவிடச் சுற்றுவதுதான் அதிகமாக இருக்கும். வட்டமான பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. துடுப்பு எங்கே விழுகிறதோ அதுவே முன். நீளமான படகு பரிசலைப் போல அவ்வளவு எளிதில் சுற்றாது என்றாலும், காற்று வீசும்போது மெதுவாக நகரும் படகு ஏறத்தாழ பரிசலாகவே ஆகிவிடுகிறது.

காற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தனியாகப் போகிறவர் பின்பக்கத்தில் உட்கார்ந்து, பேட்டரியையும் காலடியில் வைத்துக்கொண்டால், படகின் மூக்கு தூக்கிக்கொள்கிறது. தூக்கிய மூக்குக்குக் கீழே தண்ணீரின் பிடிமானம் இல்லை. மேலே காற்று மோதுவதற்குப் பரப்பு மட்டும் அதிகம். ஆடி மாதத்தில் அணையின் திறந்த பரப்பில் காற்று அடிக்கும்போது, பின்னால் இருக்கும் மோட்டார் நேராகத் தள்ளிக்கொண்டிருக்க, மூக்கு மட்டும் காற்றுப் போகும் பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். நான் முதல் இரண்டு மாதம் மீன் பிடித்ததைவிடக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி மூக்கை நேராக்கியதே அதிகம். மோட்டார் முன்னால் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. இழுவை மூக்கிலேயே இருப்பதால், கம்பத்தில் கட்டிய கொடிபோலப் படகின் உடல் காற்றின் போக்கில் பின்னால் நீண்டு நிற்கும். மூக்கை மட்டும் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டால் போதும், மீதி தானாக வரும்.

நான்கு இடங்கள்

முன்முனை, அதாவது கடலோர மீனவர்கள் அணியம் என்று சொல்லும் பகுதி, தூண்டில்காரருக்குப் பெரும்பாலும் சிறந்தது. செடி ஓரத்தில் விராலுக்குத் தவளைப் பொம்மை எறிகிறவர், கரையோரமாக ஜிலேபி மீனுக்கு மிதவை போடுகிறவர் ஆகியோருக்குப் படகை ஓரடி முன்னே, அரையடி இடப்பக்கம் என்று நுட்பமாக நிறுத்தும் வசதி இங்கேதான் கிடைக்கிறது. எதிரே வரும் ஆகாயத்தாமரையையும், யாரோ கட்டிவைத்த வலையின் மிதவைகளையும் விசிறி தொடுவதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட முடிகிறது. குறை என்னவென்றால், முன்பக்கம் உயரமாக இருப்பதால் நீளமான தண்டு தேவைப்படுகிறது. நீருக்கடியில் கட்டையோ பாறையோ இருந்தால் முதல் அடி மோட்டாருக்கே விழுகிறது. மேட்டூர்ப் பின்னீரில் நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில், நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில் பழைய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அவை வெளியே தெரியும் நாட்களில் ஆபத்தில்லை. அவற்றுக்கு மேல் இரண்டடித் தண்ணீர் நிற்கும் நாட்களில்தான் விசிறி போகும். அணை கட்டி மூழ்கடித்த நிலத்தில் சுவர், மரத்தூர், கிணற்றுமேடு எதுவும் அடியில் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

பின்பலகை வலைக்காரருக்கு உரிய இடம் என்பது என் கணிப்பு. செவுள் வலையை முன்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ இழுத்து ஏற்றும்போது அங்கே மோட்டார் நீட்டிக்கொண்டிருந்தால் வலை அதில் மாட்டாமல் இருக்காது. இரண்டு பேர் போகும் படகில், ஒருவர் பின்னால் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள மற்றவர் முன்னால் வலையைக் கவனிக்கும் ஏற்பாட்டுக்கும் இதுவே பொருத்தம். பொருத்துவதும் எளிது, இரண்டு திருகுகளைக் கையால் இறுக்கினால் வேலை முடிந்தது. முன்பக்கத்தில் மற்றொருவர் உட்கார்ந்து மூக்கை அழுத்திக்கொண்டிருப்பதால் நான் மேலே சொன்ன காற்றுத் தொல்லையும் பாதியாகக் குறைந்துவிடும். தனியாகப் போகிறவர் பின்பலகையிலேயே வைக்க விரும்பினால் ஒரு தந்திரம் உண்டு: பின்பக்கத்தையே முன்பக்கமாக வைத்துக்கொண்டு, படகைப் பின்னோக்கி ஓட்டுவது. தட்டையான பின்பலகை அலையில் மோதித் தண்ணீரை வாரி இறைக்கும் என்றாலும், அமைதியான காலை நேரத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

பக்கவாட்டு விளிம்பு மூன்றாவது இடம். நான்கடி அகலமுள்ள படகில் விளிம்பு என்பது நடுக்கோட்டிலிருந்து இரண்டடி தள்ளியிருப்பதால், மோட்டார் நேராகத் தள்ளினாலும் படகு மறுபக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைச் சரிக்கட்டுவதற்கு எப்போதும் சற்றுக் கோணலாகவே பிடித்து ஓட்ட வேண்டியிருக்கும், பேட்டரியில் ஒரு பகுதி இந்தக் கோணலுக்கே செலவாகும். காற்றடைத்த படகுகளுக்கும் வேறு வழியில்லாத சிறு தோணிகளுக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் எஞ்சினின் அடித்தட்டிலேயே பொருத்தும் வகை ஒன்றும் இருக்கிறது. நம் பக்கத்துச் சிறுபடகுகளில் அந்த எஞ்சினே இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒகேனக்கல்லின் ஓடும் நீரில் இந்த மோட்டாரை நம்பி இறங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்கிறேன். இதன் உச்ச வேகமே வேகமாக நடக்கும் மனிதரின் வேகம்தான். காவிரி அதைவிட வேகமாக ஓடும் இடத்தில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு பின்னால் போகும். இந்த வழிகாட்டி முழுவதும் தேங்கிய நீருக்கானது.

முதல் படி: பாரத்தோடு மிதக்கவிட்டு அளப்பது

படகை வீட்டு வாசலில் வைத்து அளந்த அளவுகள் எதற்கும் உதவாது. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் படகை இறக்கி, வழக்கமாக யார் எங்கே உட்காருவார்களோ அங்கே அவர்களை உட்காரவைத்து, பேட்டரி, மீன்பெட்டி, நங்கூரம், குடிநீர் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்த பிறகு அளக்க வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்றை நடு இருக்கையின் மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். குமிழி முன்பக்கமாக ஓடினால் மூக்கு தூக்கியிருக்கிறது என்று பொருள். பேட்டரியை ஒவ்வோர் அடியாக முன்னால் நகர்த்தி, குமிழி நடுவுக்கு வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். என் படகில் அது நடு இருக்கைக்கு ஓரடி முன்னால் வந்தது. முன்பு அதை வைத்திருந்த இடத்திலிருந்து ஐந்தடிக்கு மேல் தள்ளி.

பின்பு அதே பாரத்தோடு, மோட்டார் மாட்ட நினைக்கும் இடத்தின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்முனைக்கும் பின்பலகைக்கும் தனித்தனியே அளப்பது நல்லது, ஏனென்றால் எதை முடிவு செய்வீர்கள் என்று இன்னும் தெரியாது.

எடையையும் கூட்டுங்கள். படகு 110 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ, பேட்டரி 30 கிலோ, மற்றவை 20 கிலோ என்றால் மொத்தம் 300 கிலோ. மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உந்துவிசை வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. 300 கிலோவுக்கு அது 6 கிலோ, பவுண்டில் 13-க்குச் சற்று மேல். அது காற்றில்லாத நாளுக்கான குறைந்த அளவு. இரண்டு மடங்குக்கு மேல் வைத்துக்கொண்டு 30 பவுண்டு மோட்டார் வாங்கினால் போதும். காற்றடிக்கும் பரப்பில் ஓட்டுபவர் 40 அல்லது 45 பவுண்டுக்குப் போகலாம். அதற்கு மேலே போவது இந்த அளவுப் படகில் பேட்டரியைச் சுமப்பதற்கான வேலை.

இரண்டாம் படி: துளையில்லாமல் ஓட்டிப் பார்ப்பது

இதற்காக ஓர் இரண்டங்குலத் தடிமனுள்ள பலகையை முன்முனையின் குறுக்கே வைத்து, இரண்டு தச்சுக் கிளாம்புகளால் இறுக்கி, கயிற்றாலும் கட்டிக்கொண்டால், பின்பலகைக்கென்று செய்த மோட்டாரையே முன்னால் மாட்டிப் பார்க்கலாம். மோட்டாரைத் திருப்பி மாட்டும்போது கைப்பிடி தண்ணீர்ப் பக்கமாகப் போய்விடும். பல மாதிரிகளில் தலைப்பகுதியின் திருகைக் கழற்றி, உள்ளே உள்ள வயர்கள் முறுக்கிக்கொள்ளாமல் தலையை மட்டும் அரைவட்டம் திருப்பி மறுபடி பூட்ட முடியும். அப்படிச் செய்யாமல் ரிவர்ஸ் கியரிலேயே ஓட்டிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். விசிறியின் இதழ்கள் முன்னோட்டத்துக்காக வளைக்கப்பட்டவை என்பதால் ரிவர்ஸில் இழுவை குறைவாகவே கிடைக்கும்.

ஒரு வாரம் முன்னாலும், ஒரு வாரம் பின்னாலும் வைத்து ஓட்டுங்கள். காற்றில்லாத காலையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாலைக் காற்றில்தான் உண்மை தெரியும். காற்றுக்குக் குறுக்காக ஒரு மிதவையை நோக்கி ஓட்டி, எத்தனை முறை கைப்பிடியைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே இடத்தில் பத்து நிமிடம் படகை நிறுத்திப் பாருங்கள். மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, மோட்டாரில் சுற்றுகிறதா, எழுந்து நின்று எறிவதற்குக் கைப்பிடி இடிக்கிறதா, கால் வைக்க இடம் இருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் நான் கண்டுகொண்டது வேறொன்று. தனியாகப் போகும்போது நான் உட்கார விரும்பிய இடமே மாறிவிட்டது. மோட்டார் முன்னால் வந்ததும் நானும் முன்னால் நகர்ந்தேன், மூக்கு தானாக இறங்கியது.

இந்தச் சோதனைக் காலத்தில் கிளாம்பை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. மோட்டாரின் அதிர்வில் திருகுகள் மெல்ல மெல்லத் தளர்கின்றன. என் மோட்டார் ஒருநாள் சத்தமே இல்லாமல் பலகையிலிருந்து வழுக்கி, வயரையும் பிடுங்கிக்கொண்டு, எட்டடித் தண்ணீருக்குள் போய்விட்டது. கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்கு ஊரில் ஒரு வீட்டில் வைத்திருந்த பாதாளக் கொலுசை இரவல் வாங்கி, ஒரு பகல் முழுவதும் துழாவித்தான் அதை மேலே எடுத்தோம். அன்றிலிருந்து மோட்டார் தண்டுக்கும் படகின் வளையத்துக்கும் நடுவே ஒரு நைலான் கயிறு எப்போதும் இருக்கிறது. அதன் விலையைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் படி: தண்டின் நீளம்

இடம் முடிவானதும், முன்பு எழுதிவைத்த உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசிறியின் மேல்நுனி நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விசிறி மேலிருந்து காற்றைக் குடிக்கும். சத்தம் கிளம்பும், நுரை வரும், படகு மட்டும் நகராது. இதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட, மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரத்தோடு 20 அங்குலம் கூட்டினால் போதுமானது. முன்முனையானால் அலையில் மூக்கு எழும்பி எழும்பி விழும் என்பதால் மேலும் ஐந்து அங்குலம் கூட்ட வேண்டும்.

என் படகில் பாரத்தோடு பின்பலகையின் உயரம் 11 அங்குலம். 20 கூட்டினால் 31, எனவே 36 அங்குலத் தண்டு சரி. முன்முனையின் உயரம் 17 அங்குலம். அதற்கு 20-உம் 5-உம் கூட்டினால் 42. கையில் இருந்ததோ 36 அங்குலத் தண்டு. நீளமான தண்டுள்ள மோட்டாருக்கு மறுபடி பணம் போடுவதற்கு மனம் வராமல், பலகையை மேல்விளிம்பில் வைக்காமல் மூக்கின் வெளிப்புறத்தில் ஆறு அங்குலம் தாழ்த்தி வைக்கும்படி ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் செய்து வாங்கினேன். தட்டை மூக்குள்ள படகில் இப்படிச் செய்ய முடியும். கூர்மூக்குப் படகில் முடியாது. அதனால்தான் இடத்தை முடிவு செய்துவிட்டு மோட்டாரை வாங்குங்கள் என்கிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்னைப் போலப் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

தண்டு அதிக நீளமாக இருப்பதில் பெரிய தீங்கில்லை, மேலே ஏற்றிப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் வெயில் காலத்தில் கிருஷ்ணகிரி அணையின் நீர், முழு மட்டமான 52 அடியிலிருந்து நன்றாக இறங்கி, ஓரங்கள் முழங்காலளவு சேறும் நீருமாக மாறும்போது, ஆழத்தை உடனுக்குடன் குறைக்கும் திருகு கையெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

நான்காம் படி: பொருத்துவது

நடுக்கோட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். பின்பலகையின் நடுவில் வேறொரு எஞ்சின் இருந்தால், இரண்டும் திரும்பும்போது இடித்துக்கொள்ளாதபடி ஓரடிக்கு மேல் இடைவெளி விட்டு, ஓட்டுபவர் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பது பாரத்தைச் சமன் செய்யும். முன்முனையில் மடங்கி உள்ளே படுக்கும் வகை மோட்டாராக இருந்தால், இறக்கும்போதும் ஏற்றும்போதும் மோட்டாரின் கீழ்ப்பகுதி படகின் விளிம்பில் உரசாமல் இருக்க, மோட்டாரைத் தாங்கும் அடித்தட்டின் முனை விளிம்பைத் தாண்டி ஒன்றரை அங்குலமாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும். துளைக்கு முன் அட்டையில் அதன் வடிவத்தை வெட்டி வைத்து, முழு அசைவையும் கையால் நடத்திப் பாருங்கள்.

துளையிடும் இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் துளைக்கருவியை இயக்க வேண்டாம். ஃபைபர் படகின் மேல்தட்டு பல இடங்களில் கால் அங்குலம்கூட இருக்காது. வெறும் தட்டில் போல்ட் போட்டால், மோட்டார் ஒரு கட்டையில் மோதும் நாளில் போல்ட்டோடு தட்டும் பிய்ந்து வரும். எனவே அடியில் முக்கால் அங்குல மரைன் பிளைவுட்டையோ நல்ல தேக்குத் துண்டையோ வைத்து, அகலமான வாஷர் போட்டு, தளராத நைலாக் நட்டால் பூட்ட வேண்டும். நன்னீருக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போதும். அலுமினியப் படகில் ஸ்டீல் போல்ட்டை நேரடியாகப் படவிட்டால், இரண்டு உலோகங்களும் ஈரத்தில் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். நைலான் வாஷரும் நைலான் குழாய்த் துண்டும் நடுவில் இருக்கட்டும்.

துளையின் உட்சுவரில் பாலியூரித்தேன் சீலன்ட் தடவாமல் போல்ட்டைச் செருகக் கூடாது. ஃபைபருக்கு நடுவே மரம் வைத்துச் செய்த பின்பலகையாக இருந்தால், துளை வழியே இறங்கும் ஈரம் அந்த மரத்தை உள்ளேயே மக்கவைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, தட்டினால் வரும் சத்தம்தான் மாறும். அடித்தட்டுக்கும் படகுக்கும் நடுவே பழைய லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பரை வைத்துக்கொண்டேன். இதற்காகவே விற்கும் ரப்பர் திண்டுகளைவிட இது தரம் குறைந்ததாக இருக்கலாம், ஆனால் மோட்டாரின் உறுமல் படகின் உடலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் மீனுக்குச் செய்தி சொல்வதை இது நன்றாகவே குறைத்தது.

ஐந்தாம் படி: பேட்டரியும் வயரும்

இடத்தைத் தேர்வு செய்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் பகுதி இது. மோட்டார் முன்னால், பேட்டரி பின்னால் என்றால் இரண்டுக்கும் நடுவே நீளமான வயர் ஓட வேண்டும்; அந்த வயரில் மின்னழுத்தம் குறையும். 12 வோல்ட் மோட்டார்கள் 55 பவுண்டு உந்துவிசை வரை வருகின்றன. முழு வேகத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கும். 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் பேட்டரி இருந்தால், போகவும் வரவும் பத்து மீட்டர் செம்பு வயர். வீட்டு வேலையில் மிச்சமிருந்த 4 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும், வயரும் கை வைக்க முடியாதபடி சுடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டைச் சற்றுத் தாண்டும். 25 போட்டால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான். என் படகில் பேட்டரியை முன்னால் நகர்த்தியதும் தூரம் இரண்டு மீட்டராகக் குறைந்து, 16-ஏ தாராளமாகப் போதுமானதாகிவிட்டது. ரசமட்டம் காட்டிய இடமும் வயர் கேட்ட இடமும் ஒன்றாக அமைந்தது என் அதிர்ஷ்டம்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஆறடிக்குள், ஒரு சர்க்யூட் பிரேக்கர் கட்டாயம் இருக்க வேண்டும். 50 ஆம்பியர் வரை இழுக்கும் மோட்டாருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் பொருந்தும். விசிறியில் வலை சுற்றி மோட்டார் நின்றுபோகும் நொடியில், பிரேக்கர் இல்லாவிட்டால் எரியப்போவது வயர்தான்.

நம் வீடுகளில் எளிதாகக் கிடைப்பது இன்வெர்ட்டருக்கான உயரமான டியூபுலர் பேட்டரி. அதைப் படகில் வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். 150 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். உயரத்தால் தலைப்பாரமாகி ஆடும். சாய்ந்தால் அமிலம் கசியும். ஈய பேட்டரியே வேண்டுமென்றால் கசியாத, குட்டையான 100 ஆம்பியர் அவர் வகையை வாங்கி, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பட்டையால் படகின் தரையோடு கட்டிவிடுங்கள். அதன் சக்தியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்தான் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். அதாவது 15 ஆம்பியரில் மெதுவாக ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது, ஏனென்றால் வேகமாக இழுக்க இழுக்க ஈய பேட்டரி தரும் மொத்த அளவே குறைந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதே 100 ஆம்பியர் அவருக்குப் பன்னிரண்டு கிலோ அளவிலேயே இருக்கிறது. விலை அதிகம். ஆனால் கரையிலிருந்து தண்ணீர் வரை ஐம்பது அடி சேற்றில் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு அந்த விலையின் நியாயம் புரியும்.

கடைசிப் படி: தண்ணீரில் சரிபார்ப்பது

எல்லாம் பூட்டிய பிறகு, முதல் நாள் கரையை விட்டு வெகுதூரம் போகாமல், உயிர்காப்பு அங்கி அணிந்து, துடுப்பு இரண்டையும் படகில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். முதலில் முழு வேகத்தில் நேராக ஓட்டி, கைப்பிடியை விட்டால் படகு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பாருங்கள். ஒதுங்கினால், பேட்டரியையோ மீன்பெட்டியையோ நான்கு அங்குலம் எதிர்ப்பக்கம் நகர்த்திப் பார்த்துவிட்டு, அதற்கும் சரியாகாவிட்டால்தான் பொருத்திய இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, அரைமணி நேரம் ஓட்டியபின் வயரின் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு முனை மட்டும் சுட்டால், அந்த வயர்முனையில் மாட்டிய உலோக வளையம், அதாவது லக், சரியாக அழுத்தப்படவில்லை. கரைக்குத் திரும்பியதும் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். ரப்பர் அமுங்கிக் கொடுத்திருக்கும்.

மோட்டாரைத் தூக்கியதும் விசிறியின் நட்டைக் கழற்றி, இதழ்களுக்குப் பின்னால் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிய நரம்பு சூட்டில் இறுகி, எண்ணெய் சீலை அறுத்து, மோட்டாருக்குள் தண்ணீரை விட்டுவிடும். முன்னால் பொருத்தியவர்கள் இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். தாங்களே எறிந்த நரம்பின் மேல்தான் அவர்களுடைய விசிறி பெரும்பாலும் ஏறுகிறது. சென்ற மாதம் என்னுடையதிலிருந்து ஒரு முழம் பச்சை நரம்பை ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தேன். அது என்னுடைய நரம்பு அல்ல, என்னுடையது வெள்ளை.